‘நாம் ஏன் மறக்கிறோம்?’ - ஒரே கேள்வியில் ஓர் உளவியல் பாடம்

உளவியல் அறிமுகப் பாடத்தை முடித்து ஓராண்டு ஆன மாணவர் ஒருவரிடம், “அந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஓசை கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் நினைவுக்கு வரும். சிக்மண்ட் ஃபிராய்டின் பெயர் வரும். மூளையின் படம் ஒன்று மங்கலாகத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்னகைதான் பதில்.

இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அறிமுகப் பாடநூலைப் புரட்டினாலே காரணம் தெரியும். ஆய்வு முறை, மூளையும் நரம்புகளும், புலனுணர்வு, கற்றல், நினைவாற்றல், மொழியும் சிந்தனையும், குழந்தை வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், மனநோய், சிகிச்சை என்று 14 முதல் 16 அத்தியாயங்கள். 13 அல்லது 14 வாரப் பருவத்தில் வாரத்துக்கு ஒன்றாக அவை ஓடிவிடும். ஒவ்வொரு வாரமும் புதிய சொற்கள், புதிய பெயர்கள். நரம்பணு பற்றிய விரிவுரைக்கும் நட்பு பற்றிய விரிவுரைக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. தேர்வுக்கு முதல் நாள் இரவு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதி, அடுத்த மாதம் மறந்துவிடுவோம்.

இந்த இழப்பு சிறியதல்ல. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த அறிமுகப் பாடத்தைப் படிக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் உளவியலாளர் ஆவதில்லை. வணிகம், தாதிமை, பொறியியல், ஆசிரியப் பணி என்று வேறு வழி போகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே நிலைதான். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ விருப்பப் பாடமாக இதை எடுக்கும் மாணவருக்கு உளவியலோடு கிடைக்கும் முறையான சந்திப்பு இந்த ஒரு பருவம்தான். ஆனால் உளவியல் அவருக்குத் தேவைப்படும் தருணங்கள் பிறகுதான் வரும். பாட்டிக்கு முதுமை மறதி வரும்போது, நண்பர் ஒருவர் மனச்சோர்வில் ஒடுங்கும்போது, குழந்தையை வளர்க்கும்போது, “மூளையில் 10 விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம்” என்ற பொய் வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது. அப்போது கைகொடுக்க ஏதாவது மிஞ்ச வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு உளவியல் ஆசிரியர்கள் சிலர் முன்வைக்கும் விடை எளிமையானது. அத்தியாயங்களைத் தனித்தனித் தீவுகளாக விடாமல், முழுப் பாடத்தையும் ஒரே மையக் கருவில் கோத்துவிட வேண்டும் என்பதே அது.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. நம் இலக்கியத்தில் அந்தாதி என்ற வடிவம் உண்டு. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாகும். அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களையும் மனத்தில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் நம் கோயில்களில் இருக்கிறார்கள். ஒரு பாடல் முடியும் இடமே அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிடும். பாடத்திட்டத்தையும் அப்படித் தொடுத்தால் என்ன?

தலைப்பு தெரிந்தால் பாதி புரியும்

மையக் கரு உதவும் என்று சொல்ல உளவியலிலேயே சான்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டில் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் ஒரு பத்தியை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினர். பொருள்களைக் குவியலாகப் பிரிக்க வேண்டும், ஒரே நேரத்தில் அதிகம் செய்யக்கூடாது, வசதி இல்லாவிட்டால் வேறிடம் போக வேண்டும் என்ற பாணியில் அது போகும். சொற்கள் எல்லாம் எளிமையானவை. ஆனால் எதைப் பற்றியது என்றே புரியாது. அது துணி துவைப்பதைப் பற்றிய பத்தி.

தலைப்பே சொல்லப்படாத குழுவினர், பத்தியில் இருந்த 18 கருத்துகளில் சராசரியாக மூன்றுக்கும் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். துணி துவைப்பது பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் கிட்டத்தட்ட ஆறு கருத்துகளைச் சொன்னார்கள். ஏறத்தாழ இரு மடங்கு. மூன்றாவது குழுவுக்குப் பத்தியைக் கேட்டு முடித்த பிறகு தலைப்பு சொல்லப்பட்டது. அவர்களுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. தலைப்பே தெரியாதவர்களைப் போலத்தான் அவர்களும் செய்தார்கள்.

ஆசிரியர்களுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, தகவல்கள் ஒட்டிக்கொள்ள மனத்தில் முன்பே ஒரு சட்டகம் வேண்டும். இரண்டு, அந்தச் சட்டகத்தைக் கடைசி வாரத்தில் ‘மீள்பார்வை’ என்ற பெயரில் கொடுப்பது காலம் கடந்த உதவி. முதல் நாளே கொடுக்க வேண்டும்.

எந்த இழையைத் தேர்வது?

அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு ஒன்று 2014ஆம் ஆண்டில் அறிமுகப் பாடத்துக்கு ஐந்து தூண்களைப் பரிந்துரைத்தது. உயிரியல், அறிதிறன், வளர்ச்சி, சமூகமும் ஆளுமையும், மன உடல் நலம் ஆகியவை அந்த ஐந்து. இவற்றுக்கு அடித்தளமாக ஆய்வு முறை இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தூணிலிருந்தும் பாடப்பொருள் கற்பிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. எல்லா அத்தியாயங்களையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை இந்தப் பரிந்துரை தளர்த்தியது.

பின்னர் அதே சங்கம், பாடம் முழுவதையும் இணைக்கக்கூடிய ஏழு கருக்களையும் வெளியிட்டது. உளவியல் சான்றுகளை நம்பி இயங்குகிறது, புதிய தரவு வந்தால் மாறுகிறது என்பது ஒன்று. உயிரியல், உளவியல், சமூகம், பண்பாடு ஆகியவை சேர்ந்தே நம் நடத்தையை வடிவமைக்கின்றன என்பது இன்னொன்று. நம் கண்ணோட்டமும் சார்புகளும் உலகை வடிகட்டியே நமக்குக் காட்டுகின்றன என்பது மற்றொன்று.

இவை பொதுவான கருக்கள். மாணவரை ஈர்க்க இன்னும் கூர்மையான ஒரு பொருள் வேண்டும் என்று கருதுவோரும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாரி சான்டோஸ் 2018ஆம் ஆண்டில் ‘உளவியலும் நல்வாழ்வும்’ என்ற பாடத்தைத் தொடங்கியபோது சுமார் 1,200 பேர் சேர்ந்தனர். அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அது அறிமுகப் பாடம் அல்ல. ஆயினும் மாணவரின் சொந்தக் கவலையைத் தொடும் ஒரே பொருளைச் சுற்றி உளவியலை அடுக்கினால் வகுப்பறை நிரம்பும் என்பதற்கு அது நல்ல சான்று.

உறக்கம், மகிழ்ச்சி, குடும்பம், நீதிமன்றம் என்று எத்தனையோ இழைகள் இருக்கலாம். நம் மாணவர்களுக்கு மிக நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘நாம் ஏன் மறக்கிறோம்?’ தேர்வும் துணைப்பாட வகுப்புமாக வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அறிமுகப் பாடத்தை நடத்த முடியுமா? வாரம் வாரமாகப் பார்ப்போம்.

தன்னையே சோதித்தவர்

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். அதே காலத்தில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் தனி ஆளாக ஒரு விந்தையான வேலையில் இறங்கியிருந்தார். பொருளற்ற அசைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வார். சிறிது காலம் விட்டு, அதே பட்டியலைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளப்பார். ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. 1885இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: மறதி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. பிறகு சரிவு மெதுவாகிறது. ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது.

ஒரே ஒருவரை வைத்துச் செய்த ஆய்வை எல்லாருக்கும் பொருத்தலாமா? இந்தக் கேள்வி எழுந்ததும் ஆய்வு முறை அத்தியாயம் தானாகத் திறந்துகொள்கிறது.

அங்கே எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் நடத்திய சோதனை காத்திருக்கிறது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் மாறியது. ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். ‘ஒன்றையொன்று தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆனால் ‘நொறுங்கியபோது’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். வேகமே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். கட்டுப்பாட்டுக் குழு ஏன் வேண்டும் என்று இந்த மூன்றாவது எண்ணே கற்பித்துவிடுகிறது.

மறதி என்றால் அழிவது மட்டுமல்ல, இல்லாதது உள்ளே நுழைவதும்தான் என்பது இங்கே தெரிகிறது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று பின்னர் விடுவிக்கப்பட்டோரின் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சாட்சிகள் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியதும் ஒரு காரணம். வகுப்பறைச் சோதனையின் எடை அப்போது புரியும்.

மூளைக்குள் ஒரு வாசல்

நினைவு எங்கே பதிகிறது? அடுத்த வாரம் மூளை. 1953இல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடும் வலிப்பு நோயைக் குறைக்க மூளையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்தவை எவையும் அவரிடம் தங்கவில்லை. நாள்தோறும் சந்திப்பவர்களும் அவருக்குப் புதியவர்களே.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது. ஆனால் முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒன்றல்ல, பல என்று உலகம் அறிந்துகொண்டது இப்படித்தான். 2008இல் தமது 82ஆம் வயதில் மறையும் வரை அவர் ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். அதுவரை அவர் பெயர் வெளியே சொல்லப்படவில்லை. அவர் வெறும் இரண்டு எழுத்துகள். ஏன் என்று கேட்டால் ஆய்வு நெறிமுறை பற்றிய பாடம் வந்துவிடும்.

மூளை பற்றிய அத்தியாயத்தில் வரும் உறுப்புப் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கும், மோலைசனின் கதை வழியாக ஹிப்போகேம்பஸை அறியும் மாணவருக்கும் வேறுபாடு உண்டு. முன்னவருக்கு அது ஒரு பெயர். பின்னவருக்கு அது ஒரு மனிதரின் வாழ்க்கை. வீட்டில் பாட்டி காலையில் சாப்பிட்டதை மறந்து, தோட்டப்புறத்தில் கழிந்த இளமையைத் தெளிவாகச் சொல்லும்போது அவருக்கு ஏன் என்று புரியும். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. “வேண்டுமென்றே செய்கிறார்” என்ற வீட்டுச் சண்டை ஒன்று அங்கே குறையலாம்.

பார்க்காததை மறக்க முடியுமா?

மறந்துவிட்டோம் என்று நாம் நினைப்பவற்றில் பல உள்ளே நுழைந்ததே இல்லை. 1999இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டஃபர் சாப்ரிஸும் பந்து விளையாடுவோர் காணொளியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறியது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா உடை அணிந்தவர் நடந்து போனார். பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பவர் தமக்கு ஞாபகசக்தி இல்லை என்று வருந்தலாமா? புலனுணர்வும் கவனமும் இந்தக் கேள்வியோடு வகுப்புக்குள் வருகின்றன.

எல்லாவற்றையும் மறந்தாலும் சில அச்சங்கள் போவதில்லையே, ஏன்? இது கற்றல் அத்தியாயம். பாவ்லோவின் நாய் இங்கே வருகிறது. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பேரோசை எழுப்பி, எலியைக் கண்டாலே அழ வைத்த சோதனையும் வருகிறது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. பழகிய அச்சம் குறையும்போது பழைய நினைவு அழிவதில்லை. அதன் மேல் புதிய கற்றல் படிகிறது என்பது பின்னர் சிகிச்சை அத்தியாயத்தில் திரும்ப வரும்.

குழந்தைப் பருவமும் தாய்மொழியும்

நம் முதல் பிறந்தநாள் ஏன் நமக்கு நினைவில்லை? குழந்தை வளர்ச்சி பற்றிய வாரத்தை இதைவிட நன்றாகத் தொடங்க முடியாது. கைக்குழந்தைகளுக்கு நினைவே இல்லை என்று சொல்ல முடியாது. கரோலின் ரோவி-கோலியர் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் காலில் நாடாவால் கட்டினார். உதைத்தால் பொம்மை ஆடும். மூன்று மாதக் குழந்தைகள் ஒரு வாரம் வரையும், ஆறு மாதக் குழந்தைகள் இரண்டு வாரம் வரையும் இந்த வித்தையை மறக்கவில்லை. அப்படியானால் இளமை நினைவுகள் எங்கே போயின? மொழி, ‘நான்’ என்ற உணர்வு, பெற்றோர் சொல்லும் கதைகள் என்று விடைகள் கிளைபிரியும்.

இங்கே பண்பாடும் சேர்கிறது. உளவியலாளர் கி வாங் செய்த ஒப்பீட்டில், அமெரிக்க மாணவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்றரை வயதை ஒட்டியது. சீன மாணவர்களின் நினைவு அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிந்தியது. குழந்தையோடு பழைய நிகழ்ச்சிகளைப் பேசும் விதம் வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று.

மொழி அத்தியாயம் நம் மாணவர்களைத் தனியாகத் தொடும். 2000ஆம் ஆண்டில் வியோரிக்கா மரியனும் உல்ரிக் நைசரும், ரஷ்ய மொழி பேசி வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய மாணவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டனர். ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த நாள்களின் நினைவுகள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்த நாள்களின் நினைவுகள் அதிகம் வந்தன. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமோ மலாயோ பேசி வளர்ந்தவர்களுக்கு இது வெறும் ஆய்வல்ல. தாத்தாவின் கதையைத் தமிழில் கேட்டால்தான் முழுதாக வரும் என்பதற்கு ஒரு விளக்கம்.

கூட்டமும் மனநலமும்

சுற்றி இருப்பவர்கள் நம் நினைவை மாற்ற முடியுமா? சமூக உளவியலில் சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோடுகள் சோதனை எல்லாப் பாடநூலிலும் உண்டு. மற்றவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, பங்கேற்றவர்களில் நான்கில் மூவர் ஒரு முறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். 2003இல் ஃபியோனா காபர்ட் குழுவினர் இதை நினைவுக்குக் கொண்டுவந்தனர். ஒரே சம்பவத்தை இருவர் வெவ்வேறு கோணத்தில் படமாகப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டனர். பேசியவர்களில் பத்தில் ஏழு பேர், தாங்கள் பார்க்காத, மற்றவர் மட்டுமே பார்த்த விவரத்தைத் தாங்கள் பார்த்ததாகவே கூறினர். குழு உரையாடல்களில் ஒரு வதந்தி எப்படி எல்லாருடைய ‘நினைவாகவும்’ ஆகிறது என்று வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

கடைசி வாரங்கள் மனநலத்துக்கு உரியவை. மறக்க முடியாமல் தவிப்பதும் ஒரு துன்பம். கொடிய நிகழ்வுக்குப் பின் வரும் மன உளைச்சலில் பழைய காட்சி அழைக்காமலே திரும்பத் திரும்ப வருகிறது. மனச்சோர்வில் இன்னொரு விதம். “சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்ல முடியாமல் பொதுவாகவே பேசுவது மனச்சோர்வு உடையவர்களிடம் அதிகம் என்று 1980கள் முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. “நல்லதை நினைத்துக்கொள்” என்று நண்பருக்கு அறிவுரை சொல்வது ஏன் போதவில்லை என்பது இதனால் விளங்கும். அந்த நல்லதை எடுக்கும் கையே தளர்ந்திருக்கிறது. நம் குடும்பங்களில் மனநலப் பிரச்சினையைச் சோம்பல் என்றோ மனவலிமை இல்லை என்றோ ஒதுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மாணவர் இந்த ஒரு செய்தியை வீட்டுக்கு எடுத்துப் போனாலே பாடம் வீண்போகவில்லை.

பாடமும் பயிற்சியும் ஒன்றாக

இந்தக் கருவுக்கு இன்னொரு நன்மை உண்டு. பாடம் சொல்வதை வகுப்பே செய்து காட்டலாம்.

2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் மாணவர்களை இரு விதமாகப் படிக்கச் சொன்னார்கள். ஒரு முறையில் பகுதியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மற்றதில் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்தவர்களே முன்னே இருந்தனர்: 81க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. திரும்ப வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். நாளைத் தேர்வுக்கு இன்று இரவு திரும்பத் திரும்ப வாசிப்பது ஏன் பயன் தருவது போலத் தெரிகிறது, ஏன் பிறகு ஏமாற்றுகிறது என்று இந்த நான்கு எண்களே சொல்கின்றன.

2013இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்து படிப்பு முறைகளை அலசினர். தன்னைத் தானே சோதித்தலும், இடைவெளி விட்டுப் படித்தலும் உயர் பயன் தருபவை. வண்ணப் பேனாவால் கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனே தருபவை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்மை என்ற நம்பிக்கைக்கும் போதிய சான்று இல்லை என்று 2008இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று கூறிவிட்டது.

ஆகவே இத்தகைய வகுப்பில் வாரந்தோறும் ஒரு குறுந்தேர்வு இருக்கும். அதில் இந்த வாரப் பாடத்தோடு மூன்று வாரம் முந்தைய பாடமும் வரும். மாணவர்கள் எபிங்ஹாஸைப் போலத் தங்கள் மறதியைத் தாங்களே வரைபடமாக வரையலாம். கடைசி வாரம் அந்த வரைபடமே அவர்களுக்குச் சான்று.

இழை கயிறாகிவிடக் கூடாது

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அது நியாயமான எதிர்ப்பு. எல்லாவற்றையும் ஒரே கருவுக்குள் திணித்தால் சில வெட்டுப்பட்டுப் போகும். கண் எப்படி நிறத்தை அறிகிறது என்பதற்கும் மறதிக்கும் இழுத்துப் பிடித்துத்தான் தொடர்பு காட்ட வேண்டும். பசி, பாலினம், நுண்ணறிவுச் சோதனைகளின் வரலாறு ஆகியவையும் அப்படித்தான். உளவியல் என்றாலே நினைவாற்றல்தான் என்று மாணவர் எண்ணிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அடுத்த ஆண்டு உளவியலையே முதன்மைப் பாடமாக எடுப்பவர் அடிப்படைகளில் இடைவெளியோடு வந்தால் அது வேறு ஆசிரியருக்குச் சுமை.

இதற்கு மூன்று காப்புகள் உண்டு. முதலாவது, கருவை ஒரு முடிவாக அல்லாமல் ஒரு கேள்வியாக வைப்பது. ‘நினைவே எல்லாம்’ என்று தொடங்கினால் மாணவர் ஆமாம் சாமி போட்டுவிடுவார். ‘ஏன் மறக்கிறோம்?’ என்று தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் விடை மாறும். இரண்டாவது, ஐந்து தூண்களில் ஒன்றுகூட விடுபடாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது, பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித் தனியே நடத்துவது. எந்தக் கோட்பாட்டுக்கும் எல்லை உண்டு என்பதே ஓர் அறிவியல் பாடம்தான். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டு முயற்சிகளில் மட்டுமே புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க முடிவு கிடைத்தது. தன் முடிவுகளையே மறுபடி சோதித்து அதை வெளியிடும் துறை, தன் பாடத்திட்டத்தையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் இழையை நீங்களே கட்டலாம்

உங்கள் விரிவுரையாளர் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் நடத்துகிறார் என்றாலும் கவலை வேண்டாம். இழையை மாணவரே கட்டிக்கொள்ளலாம்.

பருவம் தொடங்கும் முன் உங்களை உண்மையில் உறுத்தும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். ‘எனக்கு ஏன் மேடை என்றால் பயம்?’, ‘ஒரே வீட்டில் வளர்ந்த நானும் தம்பியும் ஏன் இவ்வளவு வேறு?’, ‘கைப்பேசியை ஏன் கீழே வைக்க முடியவில்லை?’ எதுவானாலும் சரி. ஒவ்வொரு விரிவுரைக்குப் பிறகும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் கேள்விக்கு இன்று என்ன விடை கிடைத்தது என்று ஐந்து வரி எழுதுங்கள். தொடர்பே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்தாதியில் வருவது போல, இன்றைய குறிப்பின் கடைசி வரியை அடுத்த வகுப்புக்கான கேள்வியாக முடியுங்கள்.

இப்படிச் செய்பவர் தேர்வுக்கு மட்டும் தயாராவதில்லை. உளவியலைத் தொழிலாகக் கொள்ள வேண்டுமா என்பதும் அவருக்குத் தெளிவாகும். அந்தப் பாதை நீண்டது. மருத்துவ உளவியலாளர் ஆக இளநிலைப் பட்டம் போதாது, முதுநிலைப் பயிற்சியும் வேண்டும். மலேசியாவில் ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமும், மருத்துவ உளவியலாளர் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. சேர்வதற்கு முன், நீங்கள் விரும்பும் பட்டம் எந்தப் பதிவுக்கு வழிவிடுகிறது என்று கல்லூரியிடம் கேட்டறிவது நல்லது.

தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கோ இந்த ஒரு பருவம்தான் இருக்கிறது. பதினாறு அத்தியாயங்களில் பதினைந்து மறந்து போகலாம். ஒரு நல்ல கேள்வி மட்டும் மிஞ்சினால், பாட்டியின் அருகில் உட்காரும்போதும், நண்பரின் தொலைபேசி அழைப்பை எடுக்கும்போதும் அது உடன் இருக்கும்.